மூடிய கடையில் கிண்ணம் கழுவும் சத்தம்

யாவ் மூசெனின் கடையை யாரும் சும்மா கடந்து போய்விட முடியாது. தென்சீனாவில், சாவ்ஜோவின் பழைய நகரத்தில், ஆற்று மதிலை ஒட்டிய குறுகலான சந்தில் அவருடைய பேட்டரி ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடை இருந்தது. கீழே கடை, மேலே வீடு. கடைவாசலில் பழைய டயர் ஒன்றைப் போட்டு, அதன் மேல் பலகை வைத்து, பலகையின் மேல் தேநீர்த் தட்டு. தபால்காரர், தெரு கூட்டுகிறவர், வழி தெரியாமல் சந்துக்குள் நுழைந்துவிட்டவர் என்று யார் தலை தெரிந்தாலும் கையில் இருக்கும் ஸ்பானரை ஆட்டிக்கொண்டே சத்தம் போடுவார்.

"வா, வா! ஒரு வாய் குடிச்சிட்டுப் போ. வேலை எங்க ஓடிப்போயிடப் போவுது?"

சந்தில் அவருக்கு ‘வா-குடி மூசென்’ என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமை. ஏனென்றால் அவருடைய அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. தூரத்தில் சொந்தக்காரர் வருவது தெரிந்தாலே தேநீர்த் தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற மனிதர். சாத்திய கதவுக்குப் பின்னால் அப்பாவோடு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது மூசெனுக்கு இன்னும் மறக்கவில்லை. வெளியே அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு மூசென் பீங்கான் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கழித்துப் போட்ட கிண்ணங்களில் மூன்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஒரு முடிவு எடுத்தார். தன் கதவு அப்படிச் சாத்தப்படாது. தொழிற்சாலை மூடியது. சைக்கிள் வேலை கற்றுக்கொண்டார். சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்தது. தலை நரைத்தது. கிண்ணங்கள் மட்டும் அதே மூன்றுதான். ஒன்றின் விளிம்பு லேசாக உடைந்திருக்கும். அதில் அவர்தான் குடிப்பார்.

பக்கத்துக் கடை கே ஹாய்மிங்குடையது. மாட்டெலும்பு சூப்பில் அரிசி நூடுல்ஸ் போட்டு அவரும் மனைவி பிங்யூவும் விற்றார்கள். இரண்டு கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து ‘சளி பிடிச்சிருக்கா?’ என்று குரல் வரும். ஹாய்மிங்கும் மூசெனும் சிறுவயதுச் சிநேகிதர்கள். ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளாமல் ஒரு நாளும் போகாது.

போன புத்தாண்டுக்கு ஹாய்மிங்கின் மகள் காலையில் வந்து மத்தியானமே கிளம்பிப் போய்விட்டாள். மூசெனின் வீட்டிலோ மகன், மருமகள், பேரன் என்று ஒரே கும்மாளம். தேநீர்த் தட்டைச் சுற்றி ஆட்கள் இருந்தபோது மூசென் கேட்டார்.

"யோவ் ஹாய்மிங், நீ மகளை வளர்த்தியா, விருந்தாளியை வளர்த்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹாய்மிங்கும் சிரித்தார். ஆனால் அன்று அவர் அடுத்த கிண்ணத்துக்குக் காத்திருக்கவில்லை. சூப் அடிப்பிடிக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

இந்த வருஷம் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்பு, ஒரு பெண் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் வந்தாள். பெயர் காவ் நிங். வடக்கே ஷென்யாங்கில் நர்ஸாக இருந்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு கிடைத்த விடுமுறையில் தனியாக ஊர் சுற்ற வந்திருந்தாள். வாடகைக்கு எடுத்த ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் ஆணி ஏறியிருந்தது. மூசென் ஆணியைப் பிடுங்கி, ஒட்டுப் போட்டு, காற்றடித்துக் கொடுத்தார். அவள் ஓரமாக நின்ற இடத்தில் எதையோ மிதித்து, ஒரு வெள்ளைக் கான்வாஸ் காலணியில் கிரீஸ் அப்பிக்கொண்டது. அவள் கைப்பையைத் திறந்தாள்.

"அதை உள்ள வை. உக்காரு" என்றார் மூசென்.

ஹாய்மிங்கும் பிங்யூவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மூசென் தேநீர் ஊறும் மூடிக் கோப்பையிலிருந்த இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை போட்டார்.

"அது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் நிங்.

"புதுசா ஒருத்தர் வந்து உக்காந்தா இலையை மாத்தணும்மா. மாத்தாம பழசையே ஊத்தினா, ‘நீ ஏன் வந்தே’ன்னு கேட்ட மாதிரி. உங்க ஊர்ல எப்படி?"

"எங்க ஊர்ல பெரிய கிளாஸ் ஒண்ணு வச்சிருப்போம் சித்தப்பா. காலையில போட்ட இலை சாயங்காலம் வரைக்கும் ஓடும்."

"அப்ப உங்க ஊர்ல யாரும் யாரையும் அவமானப்படுத்தவே முடியாதா?" என்றார் ஹாய்மிங். "ரொம்பக் கஷ்டமாச்சே!"

நிங் சிரித்தாள். "இருக்கிறது நாலு பேரு. கிண்ணம் மூணுதான் இருக்கு?"

"எத்தனை பேர் வந்தாலும் மூணுதான். ஒருத்தர் காத்திருக்கணும். ஊத்துறவன் கடைசியில குடிக்கணும். அப்பத்தான் இவன் கொஞ்ச நேரமாவது வாயை மூடுவான்" என்றார் ஹாய்மிங்.

மூசென் அந்தக் கிண்டலைக் காதில் வாங்கவில்லை. குடித்து வைத்த கிண்ணத்தை, கொதிநீர் நிரம்பிய இன்னொரு கிண்ணத்தில் படுக்கவைத்து மூன்று விரலால் உருட்டினார். கிணுகிணுவென்று அது சுழன்றது. அவ்வளவு வேகமாக அந்தச் சந்தில் வேறு யாருக்கும் உருட்ட வராது. நிங் வாய் பிளந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மூசெனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"புத்தாண்டு ரெண்டாம் நாள் எங்கம்மா இருப்பே?"

"இங்கதான். அன்னிக்குச் சாயங்காலம் ரயில்."

"அப்ப மத்தியானம் எங்க வீட்ல சாப்பாடு."

"பண்டிகை அன்னிக்கு வந்து உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு..."

"என்ன தொந்தரவு? என் மகன் குடும்பத்தோட வர்றான். என் வீட்டுக்காரியும் வர்றா. வீடு நெரியும். இதோ, இவ்வளவு பெரிய வாத்து வேகவைக்கப் போறேன். சாப்பிட ஒரு ஜோடி குச்சி கூடப் போட்டா என்ன குறைஞ்சிடப் போவுது?"

அவள் வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. மறுபடி வேண்டாம் என்றாள். "நீ வரலைன்னா நான் ஹோட்டலுக்கே வந்து தூக்கிட்டு வந்துடுவேன்" என்றார். கடைசியில் அவள் தலையாட்டினாள். ஹாய்மிங்கையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார் மூசென். பார்த்தாயா, என் வீடு எப்படி என்கிற பார்வை.

மனைவி லியென், பேரனைப் பார்த்துக்கொள்வதற்காக ஷென்ஜெனில் மகன் வீட்டிலேயே தங்கிவிட்டவள். அவர்கள் வரும் நாளை எண்ணி மூசென் வாத்து வாங்கினார். சித்தரத்தை, அன்னாசிப்பூ, சோயா சாறு எல்லாம் போட்டுப் பெரிய பானையில் வேகவைத்தார். வாத்து பாதி வெந்திருக்கும்போது மகன் ஜுன்வெய் போன் செய்தான்.

"அப்பா, இந்தத் தடவை மாமனார் வீட்டுக்குப் போறோம். ஹுனானுக்கு. போன தடவையே கோபம் அவங்களுக்கு. அம்மாவும் கூட வர்றாங்க, குட்டிப்பயலைத் தனியா சமாளிக்க முடியாது. நீங்களும் வாங்களேன்."

அந்த ‘வாங்களேன்’ எப்படிப்பட்டது என்று, ஊரையே கூப்பிட்டுப் பழகிய மூசெனுக்கா தெரியாது? வர மாட்டார் என்று தெரிந்தவரைக் கூப்பிடுகிற குரல்.

"எனக்கு எங்கடா முடியும்? இங்க வீடு நிறைய விருந்தாளிங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

அவர் சந்துக்குள் போய், ‘மகன் வரலை’ என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்கு ஹாய்மிங் என்ன கேட்பார் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தவரே மூசென்தானே.

அதனால் பண்டிகைக்கு முந்தைய நாள் காலையில் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, தோளில் பையோடு பக்கத்துக் கடை வாசலில் நின்றார். "மகன் பிடிவாதமா அங்க கூப்பிடுறான். ஷென்ஜென் போறேன்" என்றார். ஹாய்மிங், "அப்படிப் போடு! பெரிய இடம்!" என்றார். மூசென் பேருந்து நிறுத்தம் வரை போய், மூன்று பேருந்துகளை விட்டுவிட்டு, எல்லோரும் முன்னோர்களுக்குப் படைத்துக்கொண்டிருக்கும் நடுப்பகலில், வெறிச்சோடிக் கிடந்த சந்து வழியாகத் திருடனைப் போலத் திரும்பி வந்தார். ஷட்டரைச் சத்தம் வராமல் மெதுவாகக் கால்வாசி மட்டும் தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்து, மறுபடி இறக்கினார்.

அந்த ஷென்யாங் பெண்? அவள் வரமாட்டாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வெளியூர்ப் பெண், மரியாதைக்குத் தலையாட்டியிருப்பாள். அவள் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளவும் அன்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒளிந்திருப்பது எவ்வளவு வேலை பிடிக்கும் காரியம் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. விளக்கைப் போடக்கூடாது. இருமக்கூடாது. அப்பா அம்மா படத்துக்கு முன்னால் வாத்தையும் சோற்றையும் வைத்தார். ஊதுபத்தியை எடுத்தவர், புகை வெளியே போய்விடுமே என்று ஏற்றாமல் வெறுமனே இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கும்பிட்டார். படத்தில் அப்பா நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூசென் தலையைக் குனிந்துகொண்டார்.

வாத்து கெட்டுப்போகாமல் இருக்க அதன் சாற்றை அடிக்கடி கொதிக்கவைக்க வேண்டும். பக்கத்துக் கடையில் சூப் கொதிக்கும் நேரம் பார்த்து அவரும் பானையை அடுப்பில் ஏற்றினார். கஞ்சி வைத்து, ஊறவைத்த கடுகுக்கீரையும் ஒரு துண்டு வாத்தும் சாப்பிட்டார்.

தேநீரை மட்டும் விட முடியவில்லை. இருட்டிலேயே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கிண்ணம் போதும்தான். கை கேட்கவில்லை. மூன்றையும் வைத்தார், மூன்றிலும் ஊற்றினார், மூன்றையும் அவரே குடித்தார். குடித்து முடித்ததும் விரல்கள் தாமாகக் கிண்ணத்தைப் படுக்கவைத்து உருட்டின. நல்ல வேளையாகப் பக்கத்துக் கடையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. ஏதோ பண்டிகைக் கச்சேரி. காது கேட்காதவர்கள் வீடு போல அப்படி ஒரு சத்தம். கொஞ்ச நேரம் அடங்கும். இவர் தேநீருக்கு உட்கார்ந்தால் மறுபடி அலறும். தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் தட்டின் முன் உட்கார்ந்திருந்தபோது ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

"சித்தப்பா! புத்தாண்டு வாழ்த்துகள்! நான் நிங் வந்திருக்கேன்!"

மூசெனின் கையில் கிண்ணம் அப்படியே நின்றது. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம். அதில் இரண்டு வெள்ளைக் காலணிகள். ஒன்றில் கிரீஸ் கறை. கழுவிப் பார்த்தும் போகாமல் மங்கலாகத் தெரிந்தது.

அவள் மறுபடி கூப்பிட்டாள். அவர் மூச்சை அடக்கினார். அடக்கிய அந்தக் கணத்திலேயே, இதே மாதிரி எங்கே நின்றோம் என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது. உடம்பெல்லாம் கூசியது. எழுந்து ஷட்டரைத் தூக்க வேண்டும் என்று நினைத்தார். உட்கார்ந்தே இருந்தார்.

பக்கத்துக் கதவு திறக்கும் சத்தம். பிங்யூவின் செருப்புச் சத்தம்.

"யாரும்மா? அட, நம்ம ஷென்யாங் பொண்ணு! மூசென் அண்ணன் ஊர்ல இல்லையேம்மா."

"அப்படியா? இன்னிக்கு வரச் சொன்னாரே அக்கா..."

"சொன்னாருதான். உன்னைப் பத்தியே பேசிட்டிருந்தாரு. ஆனா மகன் விடலை. புதுக் கார்ல வந்து, ‘அப்பா வந்தாத்தான் நான் சாப்பிடுவேன்’னு கையோட கூட்டிட்டுப் போயிட்டான். அப்படி ஒரு பாசக்காரப் பையன். உன்கிட்ட சொல்ல முடியலையேன்னு அவருக்கு ரொம்ப வருத்தம்."

மூசெனுக்குக் காது சுட்டது. ஜுன்வெய்யிடம் கார் கிடையாது. கார் என்று அவர் யாரிடமும் சொன்னதும் கிடையாது. பிறகு ஏன் பிங்யூ இப்படிச் சொல்கிறாள்?

கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் டிவி மறுபடி அலறத் தொடங்கியது. அப்போதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது. கிண்ணம் உருளும் சத்தம் முதல் நாளே சுவர் தாண்டிப் போயிருக்கிறது. அந்தச் சந்தில் அப்படி உருட்டுகிறவன் ஒரே ஆள். அவன் நிம்மதியாக நடமாடட்டும் என்றுதான் அவர்கள் டிவியை அலறவிட்டுக்கொண்டு, தங்கள் பண்டிகையை அந்த இரைச்சலில் கழித்திருக்கிறார்கள். இப்போது வருஷம் பிறந்த கையோடு அவருக்காகப் பொய்யும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் பிங்யூ.

"பரவாயில்லக்கா" என்றாள் நிங். "ஹோட்டல்ல கேட்டேன், ஒரு ஜோடி ஆரஞ்சு கொண்டுபோகணும்னாங்க. இதை இங்க மாட்டிட்டுப் போறேன். சித்தப்பா வந்து எடுத்துக்கட்டும்."

"ஐயையோ, அப்படி மாட்டிட்டுப் போகக்கூடாதும்மா. ஆரஞ்சு கொடுத்தா, வீட்டுக்காரங்க வேற ரெண்டு ஆரஞ்சு மாத்திக் கொடுக்கணும். வெறுங்கையோட அனுப்பினா வாசல்லயே விரட்டின மாதிரி. வா, கிளம்பும்போது அவருக்குப் பதிலா நான் மாத்தித் தர்றேன். டீயும் குடிச்சிட்டுப் போ."

காலணிகள் வெளிச்சக் கீற்றிலிருந்து நகர்ந்து போயின.

அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். அவள் தேநீர் குடித்துவிட்டு ரயிலுக்குப் போய்விடுவாள். ஹாய்மிங் எதுவும் கேட்கமாட்டார், பிங்யூவும் கேட்கமாட்டாள். நான்கைந்து நாளில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ‘ஷென்ஜெனிலிருந்து’ வந்துவிடலாம். அவர்கள் ‘பேரன் எப்படி இருக்கான்?’ என்று கேட்பார்கள். அவரும் சொல்வார். வாழ்நாள் முழுக்க அவர்கள் முகத்தை அவரால் பார்க்க முடியாது. அவ்வளவுதான்.

விருந்தாளிகளுக்கு மாற்றிக் கொடுக்க வாங்கிய ஆரஞ்சுகள் மேஜையில் சிவப்புத் தாள் விரித்த தட்டில் குவிந்திருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. தன் வாசலுக்கு வந்தவளுக்கு இன்னொருத்தி ஆரஞ்சு மாற்றிக் கொடுப்பதா? எவ்வளவு நேரம் கழித்து, எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு ஆரஞ்சை எடுத்துக்கொண்டு ஷட்டரைத் தூக்கினார். எண்ணெய் போடாத ஷட்டர், அந்தச் சந்து முழுக்கக் கேட்கும்படி கிறீச்சிட்டது. எதிர் வீட்டு மாடியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

சவரம் செய்யாத முகம். கசங்கிய சட்டை. வீட்டுச் செருப்பு. அப்படியே பக்கத்துக் கடைக்குள் போய் நின்றார்.

நிங் கையில் கிண்ணத்தோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிங்யூ வேகமாக எழுந்து டிவியை அணைத்தாள். ஹாய்மிங் அவரை உச்சி முதல் செருப்பு வரை பார்த்தார்.

"என்னய்யா, ஷென்ஜென்ல இருந்து இந்தச் செருப்போடயா வர்றே?"

"சும்மா இருங்களேன்" என்றாள் பிங்யூ.

"நான் எங்கயும் போகலை" என்றார் மூசென். குரல் கரகரத்தது. இரண்டு நாளாக யாரோடும் பேசாத குரல். நிங்கைப் பார்க்க முயன்று, அவளுடைய காலணியைப் பார்த்தார். "மகன் வரலைம்மா. யாரும் வரலை. நீ தட்டினப்போ நான் உள்ளதான் இருந்தேன். நீ கூப்பிட்டது கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

அவர் ஆரஞ்சுகளை இரண்டு கையாலும் நீட்டினார். நிங் எழுந்து, தன் ஆரஞ்சுகளைக் கொடுத்து அவற்றை வாங்கிக்கொண்டாள்.

"என்கிட்ட ஏன் சித்தப்பா சொல்லலை? வீட்ல யாரும் இல்லாம பண்டிகை கொண்டாடுறது எனக்குப் புதுசா? வருஷா வருஷம் டியூட்டியிலதான் இருப்பேன்."

மூசென் தன்னையே கேட்டுக்கொண்டார். வீடு நெரியும் என்று பெருமை அடித்தபோது, தனியாக ஊர் சுற்றுகிற இவளைப் பற்றி ஒரு கணமாவது நினைத்தாரா? வெறும் வீடு என்றால் வரமாட்டாள் என்று எப்படி முடிவு செய்தார்?

"உக்காரு" என்றார் ஹாய்மிங்.

மூசென் உட்கார்ந்தார். ஹாய்மிங் இலையை மாற்றவில்லை. நிங் வந்ததிலிருந்து பல தடவை ஊற்றி வெளிறிப்போன அதே இலையில் சுடுதண்ணீரை விட்டு, கிட்டத்தட்டத் தண்ணீர் நிறத்தில் இருந்த தேநீரை அவர் முன்னால் வைத்தார். மூசென் அதைப் பார்த்தார். தனக்கு இது சரிதான் என்று தோன்றியது. இரண்டு விரலால் எடுத்துக் குடித்தார்.

நிங் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "புதுசா ஒருத்தர் வந்தா இலையை மாத்தணும்தானே? சித்தப்பாதான் சொல்லிக்கொடுத்தாரு."

"மாத்தணும்தான்" என்றார் ஹாய்மிங். "ஆனா இவன் புதுசா எங்க வந்தான்? பண்டிகைக்கு முந்தின நாள்லேருந்து எங்களோடதான் உக்காந்து குடிச்சிட்டிருக்கான். நடுவுல ஒரு சுவர், அவ்வளவுதான்."

பிங்யூ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூசெனும் சிரிக்கத்தான் முயன்றார். முகம் கோணியது, கண் நிறைந்துவிட்டது. ‘மகனை வளர்த்தியா, விருந்தாளியை வளர்த்தியா’ என்ற கேள்விக்காக அவர் காத்திருந்தார். ஹாய்மிங் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

வாத்து இருக்கிறதே என்று நிங்தான் நினைவுபடுத்தினாள். நால்வரும் மூசெனின் வீட்டுக்குப் போனார்கள். திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்ததில் சாறு வற்றி, வாத்து உப்புக் கரித்தது.

"இது வாத்தா, கடலா?" என்றார் ஹாய்மிங்.

"கஞ்சிக்கு நல்லாருக்கு" என்று சொல்லி நிங் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

பாத்திரம் எடுத்து வைக்கும்போது மூசென் தாழ்ந்த குரலில் பிங்யூவிடம் கேட்டார். "எனக்காக எதுக்கும்மா அப்படி ஒரு பொய் சொன்னே? புதுக் கார் அது இதுன்னு?"

பிங்யூ கிண்ணத்தை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "உங்களுக்காக இல்லண்ணே. தட்டின கதவு திறக்கலைன்னு அந்தப் பொண்ணு மனசு நொந்து போகக்கூடாதேன்னு சொன்னேன்."

ஹாய்மிங்கின் வாத்துக் கிண்டலை விட, வெளிறிய தேநீரை விட, அதுதான் மூசெனுக்குள் போய் உட்கார்ந்தது. வீடு தேடி வந்தவளுக்காக அவர் செய்ய வேண்டியதைப் பக்கத்து வீட்டுக்காரி செய்திருக்கிறாள். ‘வா-குடி மூசென்’ உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நிங்கை ரயில் நிலையத்துக்கு அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். மறுபடியும் வா என்று சொல்ல வாயெடுத்தார். எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை, அன்று வரவில்லை. அவளே சொன்னாள்.

"ஷென்யாங் வந்தா எங்க வீட்டுக்கு வாங்க சித்தப்பா. முன்னாடியே சொல்லுங்க, நான் வீட்ல இருப்பேன்."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நர்ஸ் வேலை, நேரம் காலம் கிடையாது, அதனால் சொன்னாள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை அவரோடு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மா படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றினார். பிறகு லியெனைக் கூப்பிட்டு, விருந்தாளிகள் யாரும் இல்லை, தான் தனியாகத்தான் இருந்தேன் என்றார். "தெரியும்" என்றாள். "பிங்யூ சொன்னா."

மறுநாள் காலையில் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு வாசலில் தட்டை வைத்தார். தெரு கூட்டுகிறவர் போனார். மூசென் ஸ்பானரை ஆட்டவில்லை, சத்தம் போடவும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். தெரு கூட்டுகிறவர் தானாக வந்து உட்கார்ந்தார். மூசென் இலையை மாற்றி, ஊற்றி, குடித்து வைத்த கிண்ணத்தைப் படுக்கவைத்து உருட்டினார். கிணுகிணுவென்ற சத்தம் சந்தில் பரவியது. உருட்டிக்கொண்டே சுவர்ப் பக்கம் காது கொடுத்தார்.

டிவி போடவில்லை. எலும்பு சூப் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.